பக்தாதின் அங்காடிச் சுவைகள்

வரலாறு என்றால் அரியணைகளின் வரலாறு என்றே நாம் பழகிவிட்டோம். எந்தக் கலீஃபாவுக்குப் பின் எந்தக் கலீஃபா வந்தார், எந்தப் போரில் எந்தப் படை வென்றது என்பதை நம் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் அந்தப் படையில் நடந்தவனும், அந்த நகரின் கோட்டைச் சுவரைக் கட்டியவனும், பொழுது சாய்ந்ததும் எங்கே போய்ப் பசியாறினான், எந்த உணவுக்கு அவன் நாக்கு ஏங்கியது என்று கேட்டால் விடை சொல்ல நமக்கு நாவெழுவதில்லை. இது சிறிய கேள்வியன்று. சிற்றூரில் ஒருவன் தன் தாயோ மனைவியோ சமைத்ததை உண்கிறான். பெருநகரில் தான் பெயர்கூட அறியாத ஒருவன் சமைத்ததைக் காசு கொடுத்து வாங்கி, நம்பி வாயில் இடுகிறான். முன்பின் அறியாதவன் கையால் உண்ணும் துணிவுதான் ஓர் ஊரைப் பெருநகராக்குகிறது எனலாம். அந்தத் துணிவுக்கு அடித்தளமாக எது இருந்தது என்பதைப் பக்தாத் மாநகரின் அங்காடி உணவுகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கர்க் கடைத்தெரு

அப்பாஸியக் கலீஃபா அல்-மன்ஸூர் கி.பி. 762ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 145) டைக்ரிஸ் நதியின் மேற்குக் கரையில் வட்ட வடிவில் தம் தலைநகரை எழுப்பத் தொடங்கினார். தொடக்கத்தில் கடைகளும் கோட்டைக்குள்ளேயே இருந்தன. அங்காடிக்கு வருவோரும் போவோரும் யாரென்று யார் அறிவார், ஒற்றர்களும் வணிகர் வேடத்தில் நுழையக்கூடுமே என்ற அச்சத்தால், பத்தாண்டுகள் கழிந்த பின் 773ஆம் ஆண்டையொட்டிக் கடைகள் யாவும் கோட்டைக்குத் தெற்கேயிருந்த கர்க் என்னும் பகுதிக்கு மாற்றப்பட்டன. அரசனை அங்காடியிலிருந்து பிரித்த அந்த ஏற்பாடு, அங்காடிக்கு நன்மையாகவே முடிந்தது. கர்க் தனக்கென ஒரு வாழ்வு கொண்டது. இறைச்சி பொரிப்போர், மீன் வறுப்போர், ஹரீஸா சமைப்போர், தலைக்கறி விற்போர், இனிப்புப் பணியாரம் செய்வோர் எனத் தொழில்வாரியாகக் கடைகள் பெருகின.

வீட்டில் அடுப்பில்லையா, வெளியே ஏன் உண்ண வேண்டும் என்று வினவலாம். தன்னூர் என்னும் ஆழ்ந்த களிமண் அடுப்பை (இன்று உணவு விடுதிகளில் ‘தந்தூரி’ என்று நாம் கேட்கும் சொல்லின் மூலம் இதுவே) சூடேற்ற நிறைய விறகு வேண்டும். மரம் அருகிய அந்நாட்டில் எரிபொருள் மலிவான பொருளன்று. ஒரு முழு ஆட்டை வாட்டும் அளவுக்கு அடுப்பு வைத்துக்கொள்ள எளிய குடும்பங்களால் இயலாது. மாவைப் பிசைந்து பொது அடுப்புக்கு அனுப்பி ரொட்டியாகச் சுட்டு வாங்கும் வழக்கமே பரவலாக இருந்தது. ஆகவே நெடுநேரம் வேகவேண்டியவை, பெரிய அடுப்பில் வாட்டவேண்டியவை ஆகிய உணவுகள் இயல்பாகவே கடைக்காரரின் கைத்திறனாயின. வீட்டில் ஆக்க முடியாததை நாக்கு நாடுவது இயற்கை. அங்காடி உணவின் மீது நகரத்தார்க்கு ஏற்பட்ட ஏக்கத்தின் தொடக்கம் இதுதான்.

வாட்டிய இறைச்சியும் ஜூதாபாவும்

பக்தாத் கடைத்தெருவில் முதலிடம் பெற்றது ஷிவா என்னும் வாட்டிறைச்சி. கொழுத்த ஆட்டுக்குட்டியைத் தன்னூருக்குள் தொங்கவிட்டு வாட்டுவார்கள். அதன் அடியில் ஒரு தட்டை வைப்பார்கள். அந்தத் தட்டில் மெல்லிய ரொட்டித் துண்டுகள், சர்க்கரை அல்லது தேன், சில வேளைகளில் பழங்கள், வாதுமைப் பருப்பு ஆகியவை அடுக்கப்பட்டிருக்கும். மேலே வேகும் இறைச்சியிலிருந்து கொழுப்பும் சாறும் சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழும். இறைச்சி வெந்து முடியும்போது அடியில் இருந்த இனிப்பும் பக்குவமாகியிருக்கும். இதற்கு ஜூதாபா என்று பெயர். வெட்டிய இறைச்சியையும் இந்த இனிப்பையும் சேர்த்தே பரிமாறுவர். உப்பும் இனிப்பும் ஒரே தட்டில் கூடுவது நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். பக்தாத்வாசிக்கு அதுவே பேரின்பம்.

இந்த உணவின் புகழை அறிய அரபு இலக்கியத்திலேயே ஒரு சான்று உண்டு. ஹிஜ்ரி 398இல் (கி.பி. 1008) மறைந்த பதீஉஸ்ஸமான் அல்-ஹமதானீயின் மகாமாத்துகளில் ‘பக்தாதிய்யா’ என்றே பெயர் பெற்ற ஒரு பகுதி இருக்கிறது. கதை சொல்லும் ஈஸா இப்னு ஹிஷாம் கையில் காசின்றிப் பசியோடு கர்க் வீதியில் அலைகிறான். கழுதையை ஓட்டிக்கொண்டு ஒரு கிராமத்தான் எதிரே வருகிறான். இடுப்புத் துணியின் முடிச்சில் காசிருப்பது தெரிகிறது. உடனே அவனைப் பலநாள் பழகியவனைப் போலப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்கிறான். அது தன் பெயரன்று என்று கிராமத்தான் சொல்லியும், மறந்துவிட்டேன் என்று மழுப்பி, அவன் தந்தையின் நலம் கேட்டு, தந்தை இறந்துபோன செய்தியறிந்து சட்டையைக் கிழித்துக்கொள்ளவும் முனைகிறான். பிறகு விருந்துண்ணலாம் வா என்று வாட்டிறைச்சிக் கடைக்கு அழைத்துச் செல்கிறான். கொழுப்பு வடியும் இறைச்சி, மெல்லிய ரொட்டி, புளிப்புக்காக ஸுமாக் நீர், அதன் மேல் இனிப்பு. அதுவும் போதாதென்று, வாதுமை உள்ளீடு வைத்த லவ்ஸீனஜ் என்னும் மென்பணியாரத்தில் இரண்டு ராத்தல். (நம் பாட்டிமார் நிறுத்து வாங்கிய ‘ராத்தல்’ அரபு மொழியின் ‘ரத்ல்’ என்பதை இங்கே நினைவிற்கொள்க.) உண்டு முடித்ததும், பனிக்கட்டி கலந்த குளிர்நீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனவன் திரும்பவில்லை. மறைவில் நின்று வேடிக்கை பார்க்கிறான். கடைக்காரன் கிராமத்தானைப் பிடித்து அறைந்து காசு கேட்கிறான். அந்தப் பாவி அழுதுகொண்டே தன் முடிச்சைப் பல்லால் அவிழ்க்கிறான்.

நகைச்சுவைக்காக எழுதப்பட்ட கதைதான். தலைமுறை தலைமுறையாக மதரஸா மாணவர்கள் இதைப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். ஆயினும் ஆழ்ந்து நோக்கினால் இதில் பெருநகரின் முழு இயல்பும் அடங்கியிருப்பது புலப்படும். நகரம் ஆசைகாட்டுகிறது, நாட்டுப்புறத்தான் நம்புகிறான், கணக்கை அவனே தீர்க்கிறான். கதையில் ஏமாற்றியவன் கடைக்காரனல்லன், உடன் உண்டவன். ஆனால் மெய்யான வாழ்வில் கடைக்காரனும் ஏமாற்றலாமே? அங்கேதான் நம் சமூகத்தின் பழைய நிறுவனமொன்று வரலாற்றில் நுழைகிறது.

முத்திரையிட்ட பானை

அந்த நிறுவனமே ஹிஸ்பா. அங்காடியில் அளவும் நிறையும் தூய்மையும் நேர்மையும் காக்கப்படுகின்றனவா என்று கண்காணிக்கும் அதிகாரிக்கு முஹ்தஸிப் என்று பெயர். பக்தாதில் வாழ்ந்து 1058இல் மறைந்த இமாம் அல்-மாவர்தீ (ரஹ்) தம் ஆட்சியியல் நூலில் இப்பதவிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். கடைகடையாகச் சென்று என்னென்ன பார்க்க வேண்டும் என்ற நுணுக்கங்களை ஷாம் நாட்டினரான அஷ்-ஷைஸரீ 12ஆம் நூற்றாண்டில் தொகுத்தார். பிறகு எகிப்தில் 1329இல் மறைந்த இப்னுல் உகுவ்வா அதை விரித்தெழுதினார். இவ்விரு நூல்களும் பக்தாதில் எழுந்தவை அல்ல என்பது உண்மையே. ஆயினும் இவற்றில் வரும் தொழில்களும் உணவுகளும் பக்தாதின் இலக்கியத்திலும் சமையல் நூல்களிலும் வருபவையே. ஆதலின் ஒன்றன் துணையால் மற்றொன்றை விளங்கிக்கொள்வது தவறாகாது.

வாட்டிறைச்சிக் கடையில் முஹ்தஸிப் செய்ய வேண்டியது என்ன? ஆட்டைத் தன்னூரில் இறக்குமுன் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வெளியே எடுத்தபின் மீண்டும் நிறுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறை குறைந்திருந்தால் நன்கு வெந்தது என்று பொருள். குறையாவிட்டால் மீண்டும் அடுப்புக்கே அனுப்ப வேண்டும். அரைவேக்காட்டு இறைச்சியை நிறை குறையாமல் விற்று ஆதாயம் பார்க்கும் சூழ்ச்சியை ஒரு தராசால் முறியடித்த அறிவு வியக்கத்தக்கது.

ஹரீஸாவின் கதை இன்னும் சுவையானது. கோதுமையையும் இறைச்சியையும் இரவு முழுதும் சிறு தீயில் வேகவைத்து, விடியற்காலையில் மத்தால் குழையக் குழைய இடித்து, உருக்கிய ஆட்டுவால் கொழுப்பை மேலே ஊற்றி, பொடித்த சீரகமும் இலவங்கப்பட்டையும் தூவி, எலுமிச்சைச் சாற்றோடு உண்பது ஹரீஸா. ‘ஹரஸ’ என்றால் இடித்தான், நசுக்கினான் என்று பொருள், ஹரீஸா இடிக்கப்பட்டது, ஹர்ராஸ் அதை இடித்து விற்பவன். குளிர்காலக் காலைகளில் சுபுஹுத் தொழுகை முடித்து வருவோரை ஹரீஸாப் பானையின் மணம் வரவேற்றிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

ஆனால் இந்த உணவில் ஓர் இடர் உண்டு. இடித்துக் குழைத்த பின் உள்ளே எவ்வளவு இறைச்சி இருந்தது என்பதைப் படைத்தவனையும் சமைத்தவனையும் தவிர யாரும் அறியமாட்டார். மாலையில் கண்காணிப்பாளர் கண்முன் இறைச்சியைப் பானையில் இட்டுவிட்டு, இரவில் பாதியை வெளியே எடுத்து மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். இறைச்சிக்குப் பதிலாகச் சேப்பங்கிழங்கைச் சேர்த்துக் குழைத்துவிடலாம். ஆகவே இத்தனை அளவு கோதுமைக்கு இத்தனை இறைச்சி என்று அளவு வகுத்தார்கள். பானையில் அனைத்தையும் இட்டபின் முஹ்தஸிப் தம் முத்திரையை அதன்மீது பதிப்பார். இரவெல்லாம் அது முத்திரையோடு வேகும். விடியலில் உரியவர் முன்னிலையில் முத்திரை உடைக்கப்பட்ட பிறகே இடிக்கத் தொடங்க வேண்டும்.

அரபு அறிந்தோர் இங்கே ஒரு சொல் நயத்தைக் காணலாம். மெல்லிய ‘ஹா’வால் எழுதப்படும் ‘ஹரஸ’ இடிப்பதைக் குறிக்கும். தொண்டையில் அழுந்தி ஒலிக்கும் ‘ஹா’வால் எழுதப்படும் ‘ஹரஸ’ காவல் காப்பதைக் குறிக்கும். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. இடிப்பவனும் காப்பவனும் சேர்ந்தே ஒரு நகரத்தின் காலை உணவைத் தந்தார்கள் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான நினைவுக்குறி வேறில்லை.

தொத்திறைச்சிக்காரரும் தத்துவஞானியும்

ஆட்டுக்குடலில் கொத்திய இறைச்சியும் மசாலையும் அடைத்துப் பொரிக்கும் நகானிக் என்னும் தொத்திறைச்சியும் கடைத்தெருவின் விருப்ப உணவுகளுள் ஒன்று. இதைச் செய்வோரைப் பற்றி அஷ்-ஷைஸரீ வழங்கும் அறிவுரை நம்மைப் புன்முறுவல் பூக்கச் செய்யும். அவர்களுடைய கடைகள் முஹ்தஸிப் அமரும் இடத்திற்கு அருகிலேயே இருத்தல் நலம் என்கிறார் அவர். குடலுக்குள் என்னதான் அடைத்திருக்கிறார்கள் என்று யார் பிரித்துப் பார்ப்பது?

இன்னொரு செய்தியையும் அவர் பதிவு செய்கிறார். அரபு மெய்யியலின் தந்தையென மதிக்கப்படும் 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-கிந்தீ உணவு இரசவாதம் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தாராம். ஈரல் இல்லாமல் ஈரல் வறுவல், மூளை இல்லாமல் மூளைக்கறி, இறைச்சி இல்லாமல் தொத்திறைச்சி, முட்டை இல்லாமல் முட்டைப் பொரியல், தேனும் சர்க்கரையும் இல்லாமல் இனிப்பு என்று பலவற்றுக்கும் அதில் வழி சொல்லப்பட்டிருந்ததாம். அந்த வழிகளை இங்கே எழுதினால் நேர்மையற்றோர் கற்றுக்கொள்வர் என்று அஞ்சி ஷைஸரீ அவற்றை விவரிக்காமல் நிறுத்திக்கொண்டார். போலி உணவு இக்காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அறிவு ஒன்றே, அது சமையற்கூடத்தில் நுழையும்போது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

இருவகை நூல்கள்

பக்தாதின் சமையல் நூல்கள் இரண்டு நமக்குக் கிடைத்துள்ளன. முதலாவது, 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீக்’. 132 அத்தியாயங்களைக் கொண்ட இந்தப் பெருநூலில் கலீஃபாக்களும் அமைச்சர்களும் விரும்பி உண்ட உணவுகள் அவரவர் பெயராலேயே விவரிக்கப்படுகின்றன. ஹாரூன் அர்-ரஷீதின் உடன்பிறந்தாரான இளவரசர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ தாமே சமையற்கலையில் வல்லவர் என்பதும் இந்நூலால் விளங்குகிறது. இரண்டாவது, அதே பெயரில் முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்-பக்தாதீ என்னும் எழுத்தர் ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) எழுதிய சிறுநூல். இன்பங்களை ஆறாகப் பகுத்து, அவற்றுள் உணவே தலையாயது என்று முகவுரையிலேயே அறிவித்துவிட்டுத் தொடங்குகிறார் அவர்.

இந்நூல்கள் அருமையானவை. ஆனால் இவை பெரும்பாலும் வசதி படைத்தோரின் நாவைப் பற்றியே பேசுகின்றன. கிராமத்துக் கழுதைக்காரன், சுமைகூலி, வழிப்போக்கன், குடும்பத்தைப் பிரிந்து வந்து படிக்கும் மாணவன் ஆகியோர் எதை உண்டனர் என்பதை அறிய நாம் நாட வேண்டியவை ஹிஸ்பா நூல்களே. குற்றம் கண்டுபிடிக்க எழுந்த நூல்கள் எளியோரின் விருந்துக்குச் சாட்சியாக நிற்கின்றன. எவரும் விரும்பி வாங்காத பண்டத்தில் கலப்படம் செய்ய யாரும் முனைவதில்லை. எந்தப் பானைக்கு முத்திரை தேவைப்பட்டதோ அந்தப் பானையின் முன்தான் கூட்டம் நின்றது என்பது திண்ணம். அரசனின் உணவைக் காக்க அவனுடைய காவலர் இருந்தனர்; இரண்டு காசு கொடுத்து ஒரு கிண்ணம் ஹரீஸா வாங்குபவனுக்குக் காவலாக இருந்தது அந்த முத்திரை மட்டுமே.

ஆசை இழுக்கா?

நாவின் ஆசையைப் பற்றி இவ்வளவு பேசுவது தகுமா என்று அன்பர்கள் சிலர் ஐயுறலாம். அளவுமீறி உண்பதை நம் மார்க்கம் கண்டிக்கிறது, ஐயமில்லை. ஆனால் நல்லுணவை நல்லுணவென்று பாராட்டுவதை அது தடுக்கவில்லை. ரொட்டியை இறைச்சிச் சாற்றில் ஊறவைத்த ஸரீத் என்னும் உணவு மற்ற உணவுகளினும் சிறந்தது என்பதை, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சிறப்புக்கு உவமையாகவே பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்தாண்டதை ஹதீஸ் கலை பயின்றோர் அறிவர்.

பக்தாதின் வரலாற்றை எழுதிய அல்-கதீப் அல்-பக்தாதீ (மறைவு 1071) தரும் ஒரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் சிறுவயதில் தந்தையை இழந்தவர். துணி வெளுப்பவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார் தாய். சிறுவரோ வேலையை விட்டு இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடவட்டத்தில் போய் அமர்ந்துகொள்வார். வறுமையால் வாடிய தாய் வந்து சினந்தபோது, உங்கள் மகன் பிஸ்தா நெய்யிட்ட ஃபாலூதஜ் உண்ணப் பயின்றுகொண்டிருக்கிறான் என்று இமாம் சொன்னார்களாம். இந்தக் கிழவருக்கு அறிவு தடுமாறிவிட்டது என்று கூறிச் சென்றுவிட்டார் தாய். பல்லாண்டு கழிந்தது. அச்சிறுவர் தலைமை நீதிபதியானார். ஒருநாள் கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதின் விரிப்பில் அதே ஃபாலூதஜ் வைக்கப்பட்டது. இது நமக்கே நாள்தோறும் கிடைப்பதன்று, உண்ணுங்கள் என்றார் கலீஃபா. அபூ யூஸுஃப் (ரஹ்) சிரித்துவிட்டார். காரணம் கேட்ட கலீஃபாவிடம் பழைய கதையைச் சொன்னார். ஏழைப் பிள்ளையின் எட்டாத ஆசையைக் கல்வியின் உயர்வுக்கு அளவுகோலாக்கிய அந்த ஆசிரியரின் நுண்ணறிவை எண்ணி எண்ணி மகிழலாம்.

நகரம் வீழ்ந்தது, பெயர்கள் பயணித்தன

முஹம்மத் அல்-பக்தாதீ தம் சமையல் நூலை எழுதி 32 ஆண்டுகள் கழிந்தன. 1258ஆம் ஆண்டு பிப்ரவரியில் (ஹிஜ்ரி 656) ஹுலாகூவின் படை பக்தாதைச் சூறையாடியது. நூலாசிரியர் அதைக் காணவில்லை. 19 ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். கலீஃபாவின் ஆட்சி முடிந்தது. அமைச்சர்களின் மாளிகைகள் அழிந்தன. ஆனால் அங்காடியில் பிறந்த பெயர்களை எந்தப் படையாலும் அழிக்க முடியவில்லை.

முக்கோணமாக மடித்துப் பொரித்த ஸன்பூஸஜ் கிழக்கே வந்தது. 14ஆம் நூற்றாண்டில் தில்லி சுல்தானின் விருந்தில் இப்னு பதூதா அதைக் கண்டு எழுதினார். இன்று நம் தெருமுனைத் தேநீர்க் கடைகளில் அது சமோசா. ஃபாலூதஜ் உருமாறிப் பலூடாவாயிற்று. ஸலாபியா ஜிலேபியாயிற்று. ஆட்டின் தலையையும் காலையும் கொதிக்க வைத்த உணவைப் பக்தாதில் இன்றும் பாச்சா என்கிறார்கள். பாரசீக மொழியில் காலைக் குறிக்கும் ‘பாய்’ என்ற சொல்லே அதற்கும், நாம் இடியப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பாயாவுக்கும் அடிச்சொல். ஹரீஸாவோ காஷ்மீரத்தின் குளிர்காலக் காலைகளிலும், மலபார் மாப்பிள்ளைமார் இல்லங்களில் ‘அலீஸா’ என்ற பெயரிலும் வாழ்கிறது. ஹழரமவ்த்திலிருந்து வந்து நிஜாமின் படையில் சேர்ந்த அரபியர் அதை ஹைதராபாதின் பர்காஸ் பகுதியில் நிலைபெறச் செய்தனர். அதன் உடன்பிறப்பான ஹலீம் ஹைதராபாதின் பெயரோடு 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. வளைகுடா நாடுகளின் ஹரீஸ் 2023இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

நூலுக்கும் ஒரு தென்னகத் தொடர்பு உண்டு. இஸ்தான்பூலின் ஆயா ஸோஃபியா நூலகத்தில் உறங்கிக்கிடந்த அல்-பக்தாதீயின் சுவடியை மோஸுல் அறிஞர் தாவூத் சலபீ 1934இல் அச்சேற்றினார். அதனை ஆங்கிலப் பேராசிரியர் ஆர்பெரி மொழிபெயர்த்தபோது, அம்மொழிபெயர்ப்பு 1939இல் வெளிவந்தது ஹைதராபாதிலிருந்து வெளியான ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்னும் இதழில்தான். பக்தாதின் அடுப்புப் புகை தக்காணத்து அச்சகத்தின் வழியாக உலகுக்குப் பரவியது என்று கூறினால் மிகையன்று.

இன்றைய பக்தாத்

இன்றும் பக்தாத்வாசிகள் நினைத்தாலே நாவூறும் உணவுகள் கடைத்தெருக்களில் கிடைக்கின்றன. காலையில் மடிப்பு மடிப்பான காஹீப் பணியாரத்தின் மேல் எருமைப்பாலின் கெட்டியான ஏடாகிய கைமரை வைத்துச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவார்கள். பெருநாள் காலைக்கு அது இன்றியமையாதது. அவரைக் கொட்டையை வேகவைத்த நீரில் ரொட்டியை ஊறவைத்து, மேலே பொரித்த முட்டையும் சூடான நெய்யும் சேர்ப்பது பாகில்லா. இறைச்சிச் சாற்றில் ஊறிய தஷ்ரீப் வேறு யாருமல்லர், நம் பழைய ஸரீத்தே.

இவற்றுக்கெல்லாம் முடிமணி மஸ்கூஃப். ஆற்று மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து, வட்டமாக விரித்து, உப்பிட்டு, குச்சிகளில் செருகி விறகுத் தீயைச் சுற்றி நிறுத்திவைப்பார்கள். அனல் மட்டுமே படும்; சுடர் தீண்டாது. நெடுநேரம் பொறுமையாக வாட்டியபின் தணலின் மேல் கிடத்தி முடிப்பார்கள். டைக்ரிஸ் கரையில் கவிஞர் அபூ நுவாஸின் பெயர் தாங்கிய வீதி இவ்வுணவுக்குப் புகழ்பெற்றது. அப்பாஸியர் காலத்து எழுத்துகளில் புகழப்படும் ஷப்பூத் என்னும் மீனும் இந்த ஆற்றினுடையதே.

அந்த வீதியின் அண்மைக்கால வரலாறு நெஞ்சை உருக்குவது. 2003ஆம் ஆண்டுப் படையெடுப்புக்குப் பின் வந்த கொடிய ஆண்டுகளில் மாலைப்பொழுதின் கூட்டம் மறைந்தது. கொல்லப்பட்டோரின் உடல்கள் ஆற்றில் மிதந்த நாட்களில் ஆற்று மீனை உண்ணவும் மக்கள் கூசினார்கள். 2007 மார்ச் 5ஆம் நாள் நூற்கடைகள் நிறைந்த முதனப்பீ வீதியில் வெடித்த குண்டு பல உயிர்களைக் குடித்தது. 1917இல் தொடங்கிய ஷாபந்தர் தேநீர் விடுதியும் சிதைந்தது. அதே 2007ஆம் ஆண்டில்தான் இராக்கியப் பெண்ணறிஞர் நவால் நஸ்ருல்லாஹ் பெரும் உழைப்பால் ஆங்கிலமாக்கிய அல்-வர்ராக்கின் சமையல் நூல் வெளிவந்தது. ஊரில் நூல்கள் எரிந்துகொண்டிருக்கையில் ஊரின் பழைய விருந்து வேறொரு மொழியில் உயிர்பெற்றது.

பிறகு கடைகள் திறந்தன, தீ மூட்டப்பட்டது, மீன் திரும்பியது. 2018இன் பிற்பகுதியில் மற்றொரு சோதனை வந்தது. ஃபுராத் நதியின் வளர்ப்புக் கூண்டுகளில் கெண்டை மீன்கள் திரள்திரளாகச் செத்து மிதந்தன. நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. மக்கள் மீனை வெறுத்தனர். ஆய்வுக்கூடச் சோதனையில் அது கெண்டையினத்தைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் என்றும், மனிதர்க்குத் தீங்கில்லை என்றும் தெரிந்தது. தராசும் முத்திரையும் ஏந்திய பழைய முஹ்தஸிபின் பணியை இன்று ஆய்வுக்கூடம் செய்கிறது. கருவி மாறியது, தேவை மாறவில்லை.

நிறைவாக

ஒரு நகரின் சிறந்த உணவு எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம். கர்க் வீதியில் வாட்டிறைச்சி, விடியலில் ஹரீஸா, ஆற்றங்கரையில் மஸ்கூஃப் என்று பட்டியல் நீளும். ஆனால் இவையனைத்துக்கும் பொதுவான ஒரு சரக்கு உண்டு. அது அமானிதம். சமைப்பவன் தன் பானைக்குள் இட்டதை உண்பவன் பார்ப்பதில்லை. உண்பவன் யாரென்று சமைப்பவனுக்கும் தெரியாது. இருவருக்கும் இடையே ஒப்படைக்கப்பட்ட அந்த நம்பிக்கை கெட்டுப்போனால், எவ்வளவு சீரகமும் இலவங்கப்பட்டையும் தூவினாலும் உணவு ருசிக்காது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். ஆகவேதான் எல்லைகளைக் காத்த அதே அக்கறையோடு கூலிக்காரனின் கஞ்சிப் பானையையும் காத்தார்கள். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பழக்கத்தை இன்றும் விடாத நம் ஊர்களில் விருந்தும் கடையும் பெருகிவருகின்றன. கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் ஹலால் என்ற பலகையைத் தொங்கவிடுவதோடு நிறைவடையாமல், அந்தப் பலகைக்குப் பின்னே உள்ள பானையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இரவில் மூடிய பானையைக் காலையில் பலர் முன்னிலையில் திறந்து காட்டத் தயங்காத சமையற்காரனே ஊரார் நாவிலும் நெஞ்சிலும் நிலைத்து நிற்பான்.